சந்தை திறந்தது, தொழுவம் வெறுமையாயிற்று

கரிபியன் தீவுகளும் பூகோளமயமாதலும்

(கிராமத்து வாசிகசாலையொன்றின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் முழுவடிவம்.)



பொருளாதாரத்தைப் பற்றிப் பேச வருபவன் எடுத்த எடுப்பிலேயே புள்ளிவிபர மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவான் என்று நீங்கள் அஞ்சியிருத்தல் கூடும். அந்த அச்சம் நியாயமானதே. புள்ளிவிபரங்கள் பின்னால் வரத்தான் போகின்றன. ஆயினும் முதலில் ஒரு பசுவைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன்.

ஜமெய்க்காத் தீவில் தோமஸ் பிலிப் லெக்கி என்றொரு விஞ்ஞானி இருந்தார். 1904ஆம் ஆண்டிற் பிறந்த கறுப்பினத்தவர். அவர் இளமைப் பருவத்தில் அந்தத் தீவிலே பாலுக்குப் பஞ்சம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட உயர்சாதிப் பசுக்கள் வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கமாட்டாமல் நலிந்தன. தாங்கக்கூடிய நாட்டு மாடுகளோ பால் தருவதில்லை. லெக்கி பல ஆண்டுகள் பொறுமையுடன் உழைத்தார். ஜேர்சிப் பசுவையும் நமது ஆசியாவின் பஞ்சாப் பகுதிக்குரிய சாகிவால் இனத்தையும் சிறிதளவு ஹொல்ஸ்ரைன் இனத்தையும் கலந்து, அந்த மண்ணுக்கும் அந்த வெயிலுக்கும் பொருந்திய ஒரு புதிய பசுவினத்தை உருவாக்கினார். 1952இல் அதற்கு ‘ஜமெய்க்கா ஹோப்’ என்று பெயர் சூட்டப்பட்டது. ஹோப் என்பது அந்த ஆராய்ச்சிப் பண்ணையின் பெயர். நம்பிக்கை என்பதும் அச்சொல்லின் பொருள். அடிமைகளின் வழிவந்த ஒரு மக்கட்கூட்டம், தன் குழந்தைகளுக்குத் தன் மண்ணிலேயே பால் கறந்து கொடுக்கலாம் என்று காட்டிய சாதனை அது.

இந்தப் பசுவுக்குப் பின்னர் நேர்ந்த கதியை அறிந்தால், பூகோளமயமாதல் என்னும் பெரிய சொல்லின் பொருளில் ஒரு பாதியை அறிந்தவர்களாவோம். அதற்கு முன், இந்தத் தீவுகள் எவ்வாறு இந்நிலைக்கு வந்தன என்பதைச் சற்றே நோக்குவோம்.

பூகோளமயமாதல் ஏதோ 1990ஆம் ஆண்டளவில் முளைத்த புதுமையென்று பலர் எழுதுகின்றார்கள். கரிபியன் மக்களிடம் சென்று அவ்வாறு சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். உலகச் சந்தைக்காகவே படைக்கப்பட்ட நாடுகள் அவை. கரும்பு அங்கு வெளியிலிருந்து வந்தது. அதை வெட்டிய கைகள் ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியுடன் வந்தன. முதல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. விளைந்த சீனி ஐரோப்பாவுக்கே போயிற்று. அந்தச் சீனியின் இலாபத்துக்கும் பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சிக்கும் இருந்த தொடர்பை, பின்னாளில் திரினிடாட்டின் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட தமது நூலில் ஆராய்ந்து நிறுவ முற்பட்டார். அடிமைத்தனத்தை ஒழிக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றியபோது இரண்டு கோடிப் பவுண் நட்டஈடு வழங்கியது. யாருக்கு? அடிமைகளுக்கன்று, அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு! அதற்காகப் பெற்ற கடனின் கடைசி மிச்சம் 2015ஆம் ஆண்டிலேதான் தீர்க்கப்பட்டது என்பதைச் சொன்னால் நம்புவது கடினம், ஆனால் உண்மை.

அடிமைகள் விடுதலையானதும் தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினார்கள். 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகப் போயினர். பிரித்தானியக் கயானாவுக்கு மட்டும் ஏறக்குறைய 239,000 பேர். திரினிடாட்டுக்கு 144,000 பேர் வரை. பெரும்பாலானோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் அடங்குவர். பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் 1850கள் தொடக்கம் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர் போயினர். எனவே இந்த வரலாறு நமக்கு முழுவதும் அந்நியமானதன்று. இவ்விடத்தில் நான் அதை விரித்துரைக்கப் போவதில்லை.

சுருங்கக் கூறின், தான் விளைவிப்பதை உண்ணாமலும், உண்பதை விளைவிக்காமலும் இருக்குமாறு அமைக்கப்பட்ட பொருளாதாரம் அது. 1962இல் ஜமெய்க்காவும் திரினிடாட்டும் சுதந்திரம் பெற்றபோது இந்த அமைப்பை மாற்றுவதே அவர்கள் முன்னிருந்த பணி. சென் லூசியாவிற் பிறந்து 1979இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆதர் லூயிஸ், வெளிநாட்டு முதலீட்டாளரை அழைத்து வந்து கைத்தொழில்களை நிறுவலாம் என்றார். அவர்களிடமிருந்து தொழில்நுட்பத்தைக் கற்றபின் சொந்தக் காலில் நிற்கலாம் என்பது அவர் கருத்து. முதற்பாதி நடைபெற்றது. முதலீட்டாளர் வந்தனர். கற்பிக்கும் பாதிதான் நடைபெறவில்லை.

ஜமெய்க்காவின் மண்ணில் பொக்சைற் என்னும் செம்மண் தாது நிறைய உண்டு; அலுமினியம் செய்வது அதிலிருந்துதான். வட அமெரிக்கக் கம்பனிகள் அதை அகழ்ந்து சென்றன. 1974இல் பிரதமர் மைக்கல் மான்லி அந்தத் தாதின்மீது ஒரு புதிய வரியை விதித்தார். அதை அலுமினியத்தின் சந்தை விலையில் 7.5 வீதம் என்று கட்டினார். சிறிய நாடொன்று தன் பொருளுக்குத் தானே விலை பேசிய அபூர்வ நிகழ்ச்சி அது. ஆனால் அதே காலத்தில் எண்ணெய் விலை ஏறிற்று. அந்நியச் செலாவணி வற்றிற்று. முதலாளிகள் பணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மயாமி நகருக்குப் பறந்தார்கள். 1977இல் மான்லி சர்வதேச நாணய நிதியத்தின் வாசலிற் போய் நிற்க நேர்ந்தது. 1980இல் நிதியத்துடனான உறவை முறித்தார். அதே ஆண்டு, பல நூறு உயிர்களைப் பலிகொண்ட ஒரு தேர்தலில் தோல்வியுற்றார்.

1989இல் மான்லி மீண்டும் பதவிக்கு வந்தார். இம்முறை சந்தையைத் திறந்தவர் அவரே! சிலர் இதைத் துரோகம் என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. மனிதர் மாறியதைக் காட்டிலும், தெரிவு செய்வதற்கு இருந்த வழிகள் சுருங்கிவிட்டன என்பதே பொருத்தமான விளக்கம். கடனுக்கு நிபந்தனை, நிபந்தனையை ஏற்காவிடில் எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கக் காசில்லை. 1970களின் நடுப்பகுதியில் ஒரு ஜமெய்க்கா டொலர் ஓர் அமெரிக்க டொலரைக் காட்டிலும் சற்று மதிப்புக் கூடியது. இன்றோ ஓர் அமெரிக்க டொலரை வாங்க 150க்கு மேற்பட்ட ஜமெய்க்கா டொலர் வேண்டும்.

பால்மா வந்த கதை

இப்பொழுது நம் பசுவிடம் திரும்புவோம்.

1992ஆம் ஆண்டளவில் வர்த்தகத் தாராளமயக் கொள்கையின் கீழ், இறக்குமதிப் பால்மாவின் மீதிருந்த தீர்வை நீக்கப்பட்டது. உள்ளூர்ப் பாற்பண்ணையாளருக்கு இருந்த உதவியும் போயிற்று. எல்லோரும் போட்டியிடட்டும், வல்லவன் வெல்லட்டும் என்பதுதான் இதன் தத்துவம். கேட்பதற்கு அழகாகவே இருக்கின்றது.

யார் யாருடன் போட்டியிட்டனர் என்பதைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். ஒரு பக்கத்தில், பத்திருபது மாடுகளை வைத்திருக்கும் ஜமெய்க்காக் கமக்காரன். அவனுக்கு மானியமில்லை. வங்கியிற் கடன் கேட்டால் 1990களின் நடுப்பகுதியில் வட்டி 30 வீதத்தைத் தாண்டி நின்றது. மறுபக்கத்தில், ஐரோப்பியச் சமூகத்தின் பாற்பண்ணையாளன். அவன் அரசாங்கங்கள் அவனுடைய பாலுக்கு விலையை உறுதிசெய்தன. மிஞ்சிய பாலை மாவாக்கி, அந்த மாவை வெளிநாட்டில் மலிவாக விற்பதற்கு ஏற்றுமதி மானியமும் வழங்கின. ஆகவே கிங்ஸ்ரன் துறைமுகத்தில் வந்திறங்கிய பால்மாவின் விலை, ஐரோப்பியனின் திறமையினால் மட்டும் குறைந்ததன்று. ஐரோப்பிய வரிசெலுத்துவோரின் பணத்தினாலும் குறைந்தது. இதற்குச் சுதந்திரப் போட்டி என்று பெயர்!

பாலைப் பதப்படுத்தும் கம்பனிகள் கணக்குப் பார்த்தன. மலைப்பாதையில் வண்டி அனுப்பிப் பண்ணை பண்ணையாகப் பால் சேர்ப்பதைக் காட்டிலும், மூட்டையைப் பிரித்துத் தண்ணீரிற் கரைப்பது இலாபம். கமக்காரன் கறந்த பாலை வாங்க ஆளில்லை. அடுத்த ஆண்டிலே பாலை நிலத்தில் ஊற்றினார்கள். பால் தரும் பருவத்திலிருந்த பசுக்களை இறைச்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு தலைமுறைக் காலம் பாடுபட்டு உருவாக்கிய ஒரு கால்நடை இனம் கசாப்புக் கடைக்குப் போயிற்று. லெக்கி 1994ஆம் ஆண்டு வரை உயிர் வாழ்ந்தார். தம் வாழ்நாட் சாதனை இவ்வாறு சிதைவதன் தொடக்கத்தைப் பார்த்துவிட்டே அவர் கண்மூடினார். பின்னர் வந்த ஆண்டுகளில் ஜமெய்க்காவின் பால் உற்பத்தி முன்னிருந்ததில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்கு வீழ்ந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. 2015 டிசம்பரில் நைரோபி நகரிற் கூடிய உலக வர்த்தக ஸ்தாபனத்தின் மகாநாடு, விவசாய ஏற்றுமதி மானியங்கள் நியாயமற்றவை, அவற்றை ஒழிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. நல்ல தீர்மானம். இருபத்துமூன்று ஆண்டுகள் பிந்தி வந்த தீர்மானம். ஆலை ஒன்றை மூடினால் பின்னர் திறக்கலாம். சந்ததி சந்ததியாகத் தெரிந்தெடுத்து வளர்த்த மாட்டு மந்தையை அவ்வாறு திறக்க முடியாது. பசு கன்றாகப் பிறந்து, வளர்ந்து, ஈன்று, பால் தருவதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை இந்த மண்டபத்திலுள்ள தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாழைக்குலை வழக்கு

அடுத்து, கிழக்குக் கரிபியனிலுள்ள விண்ட்வார்ட் தீவுகளுக்குச் செல்வோம். டொமினிக்கா, சென் லூசியா, சென் வின்சன்ற், கிறெனடா என்னும் நான்கும் மலைத் தீவுகள். சென் லூசியாவின் மக்கள்தொகை இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அங்கே 1950கள் தொடக்கம் வாழை செழித்தது. கரும்பைப் போலப் பெருந்தோட்ட முதலாளியின் பயிராக அது இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓரிரண்டு ஏக்கர் சரிவு நிலத்தில் குடும்பத்துடன் பாடுபடும் சிறு கமக்காரனின் பயிர் அது. சூறாவளி வந்து மரத்தைச் சாய்த்தாலும் ஓராண்டுக்குள் மீண்டும் குலை தள்ளும். கப்பல் வாராவாரம் வரும். ஆகவே காசும் தவறாமல் வரும். அந்தக் காசிலே கல்வீடு எழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயினர். பச்சைப் பொன் என்று அதை அவர்கள் அழைத்தார்கள்.

இது எவ்வாறு இயன்றது? பிரித்தானியா தன் பழைய குடியேற்ற நாடுகளின் வாழைக்குத் தன் சந்தையில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தது. 1975இல் கைச்சாத்திடப்பட்ட லோமே உடன்படிக்கை அந்தச் சலுகையை உறுதிசெய்தது. சலுகை என்று சொல்வதற்கு நான் வெட்கப்படவில்லை. மலைச்சரிவிற் கையால் வெட்டிச் சுமக்கும் வாழை, ஈக்குவடோரிலும் ஹொண்டுராசிலும் சமவெளியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளையும் கம்பனி வாழையுடன் விலையில் ஈடுகொடுக்க முடியாது. அந்தச் சமவெளித் தோட்டங்களிலே கூலி எவ்வளவு, மருந்து தெளிக்கும்போது தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு என்பவற்றையும் விலையுடன் சேர்த்தே கேட்கவேண்டும்.

1993இல் ஐரோப்பா ஒரே சந்தையாகியது. பழைய சலுகை ஐரோப்பா முழுவதற்குமான புதிய ஒழுங்காயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் வழக்குத் தொடுத்தன. ஈக்குவடோர், குவாதமாலா, ஹொண்டுராஸ், மெக்சிக்கோ ஆகியவையும் சேர்ந்துகொண்டன. அமெரிக்காவோ ஏற்றுமதிக்கென வாழை விளைவிக்கும் நாடன்று. ஆனால் மத்திய அமெரிக்காவில் வாழை விளைவித்து விற்கும் பெருங் கம்பனிகள் அமெரிக்கக் கம்பனிகள். அவற்றுள் முன்னின்ற சிக்கிற்றா, முற்காலத்தில் யுனைற்றெட் புரூட் என்ற பெயரில் அரசாங்கங்களையே ஆட்டிவைத்த அதே கம்பனிதான்.

ஜெனீவாவில் இந்த வழக்கு விசாரிக்கப்பட்டபோது நடந்த ஒரு சம்பவத்தை நான் மறக்க இயலாது. சர்வதேச வர்த்தகச் சட்டம் என்பது சிக்கலான துறை. பெரிய நாடுகளின் அமைச்சுகளில் அதற்கென்றே பல சட்டத்தரணிகள் சம்பளத்துக்கு அமர்ந்திருக்கின்றார்கள். சின்னஞ்சிறு சென் லூசியாவுக்கு அந்த வசதி ஏது? ஆகவே அது வெளியிலிருந்து சட்டத்தரணிகளை அமர்த்திக்கொண்டு போயிற்று. 1996இல் விசாரணைக் குழு, அரசாங்க ஊழியரல்லாத சட்டத்தரணிகள் அறையில் இருக்கக்கூடாது என்று கூறி அவர்களை வெளியே அனுப்பிவிட்டது! ஒரு நாட்டின் வாழ்வும் தாழ்வும் தீர்மானிக்கப்படும் வழக்கில் அந்த நாட்டின் வாய் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு மேன்முறையீட்டுச் சபை, ஒரு நாடு தன் பிரதிநிதியாக யாரை அனுப்புவது என்பதைத் தானே தீர்மானிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கொள்கையில் சென் லூசியா வென்றது. வாழையில் தோற்றது.

1997இல் தீர்ப்பு ஐரோப்பிய ஒழுங்குக்கு எதிராக வந்தது. ஐரோப்பா இழுத்தடிக்கவே, 1999இல் ஆண்டுக்கு 19 கோடியே 14 இலட்சம் டொலர் பெறுமதியான ஐரோப்பியப் பண்டங்கள்மீது அமெரிக்கா தண்டனைத் தீர்வை விதிக்க அனுமதி கிடைத்தது. கைப்பைக்கும் படுக்கை விரிப்புக்கும் வரி ஏறியது வாழைக்காக! இரு யானைகள் மோதிக்கொண்டன. 2009 டிசம்பரில் அவை சமாதானமும் செய்துகொண்டன. இலத்தீன் அமெரிக்க வாழையின்மீது தொன் ஒன்றுக்கு 176 யூரோவாக இருந்த ஐரோப்பியத் தீர்வை படிப்படியாக 114 யூரோவுக்கு இறக்கப்படும் என்று முடிவாயிற்று.

இடையில் மிதிபட்டது யார்? 1992ஆம் ஆண்டில் விண்ட்வார்ட் தீவுகள் இரண்டரை இலட்சம் தொன்னுக்கு மேல் வாழை ஏற்றுமதி செய்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போயிற்று. இருபதாயிரத்துக்கு மேற்பட்டிருந்த கமக்காரர் தொகை சில ஆயிரங்களாகக் கரைந்தது. நிலத்தைக் காடு மூடிற்று. இளைஞர் நகரத்துக்கும், முடிந்தவர்கள் அந்நிய நாட்டுக்கும் போயினர். எஞ்சியோரிற் பலர், நியாய வர்த்தகம் என்னும் முத்திரையுடன் பிரித்தானியக் கடைகளுக்குக் குலை அனுப்பித் தாக்குப்பிடித்தார்கள்.

சீனியின் கதையும் இதுவே. நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பா உறுதிவிலைக்குச் சீனி வாங்கும் ஏற்பாடு 2009இல் முடிவுக்கு வந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பு விளைந்த சென் கிற்ஸ் தீவு, அதற்கு முன்னரே, 2005இல், தன் சீனித் தொழிலை மூடிவிட்டது.

ஹெயிற்றியைப் பற்றி ஒரு சொல். 1804இல் அடிமைகளே போராடி விடுதலை பெற்ற முதல் நாடு அது. அந்தக் குற்றத்துக்காகப் பிரான்ஸ் 1825இல் அதன்மீது 15 கோடிப் பிராங்கு நட்டஈடு சுமத்திற்று. பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைத் தீர்ப்பதற்கு வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. அந்த நாடு 1990களின் நடுப்பகுதியில் அரிசியின் இறக்குமதித் தீர்வையை 3 வீதமாகக் குறைத்தது. அமெரிக்க மானிய அரிசி வந்து குவிந்தது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கின் நெற்செய்கை நொடிந்தது. 2010 மார்ச்சில், பூமியதிர்ச்சியின் பின், முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் செனற் சபைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்: அந்தக் கொள்கை தம் மாநிலமான ஆர்கன்சாவின் கமக்காரர் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஹெயிற்றிக்குச் செய்யவில்லை, அது தவறு என்று. தவற்றை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை எல்லோரிடமும் இல்லை. அதற்காக அவரைப் பாராட்டலாம். வயலிழந்தவனுக்கு அந்த ஒப்புதலால் வயல் திரும்பவில்லை.

அப்படியாயின் வந்த நன்மை ஒன்றுமே இல்லையா?

நண்பர்களே, நேர்மையாகப் பேசவேண்டும். நன்மைகளும் வந்தன. 1980களில் கிங்ஸ்ரனின் சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. பல்லாயிரம் பெண்கள் வேலை பெற்றார்கள். கூலி குறைவு, தொழிற்சங்கத்துக்கு இடமில்லை. ஆயினும் வேலை வேலைதானே. ஆனால் 1994 ஜனவரியில் வட அமெரிக்க சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் மெக்சிக்கோவுக்குக் கூடிய சலுகை கிடைத்தது. தையல் இயந்திரங்கள் கப்பலேறின. வந்த வேகத்திலேயே போகக்கூடியது அந்த முதலீடு.

உல்லாசப் பிரயாணத் தொழில் அதைவிட நிலைத்து நிற்கின்றது. பார்படோஸ், சென் லூசியா, அன்ரிகுவா முதலிய தீவுகள் இன்று அதனாலேயே சீவிக்கின்றன. ஆனால் விருந்தினன் தன் நாட்டிலேயே கம்பனிக்கு முழுப்பணத்தையும் கட்டிவிட்டு, அந்நிய விமானத்தில் வந்து, அந்நிய ஹோட்டலில் தங்கி, இறக்குமதியான உருளைக்கிழங்கையும் வெண்ணெயையும் உண்டு போகும்போது தீவில் தங்குவது எவ்வளவு? படுக்கையை விரித்தவளின் கூலியும் சிறிது வரியும். 2020இல் கொள்ளை நோய் பரவி விமானங்கள் நின்றபோது, அந்தக் கூலியும் ஒரே மாதத்தில் நின்றது. மூன்றாவது வருமானம், வெளியே போன பிள்ளைகள் அனுப்பும் பணம். ஜமெய்க்காவுக்கு அது இப்பொழுது ஆண்டுக்கு 300 கோடி டொலரைத் தாண்டுகின்றது. தாதிமாரையும் ஆசிரியர்களையும் ஏற்றுமதி செய்து பெறும் பணம் அது. அவர்களைப் படிப்பித்த செலவு தீவினுடையது.

கயானாவிலோ 2015இல் கடலடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். 2022இல் அந்நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் 60 வீதத்துக்கு மேல் வளர்ந்தது, உலகமே வியந்தது. ஆனால் 2016இல் எக்சன் மொபில் குழுவினருடன் செய்த ஒப்பந்தத்தின்படி அரசுக்கு நேரே வரும் உரிமைப் பங்கு 2 வீதமே. வருமானத்தின் 75 வீதம் வரை கம்பனிகள் செலவுக்கென எடுக்கலாம், எஞ்சியதுதான் சரிபாதி. பேரம் பேசத் தெரியாதவன் வீட்டில் புதையல் கிடைத்தாலும் பங்கு பிரிப்பவன் வேறொருவனே.

இங்கே ஒரு நண்பர் கேட்கக்கூடும்: கதவைப் பூட்டிவிட வேண்டும் என்கிறீரா? இல்லை. மூன்று இலட்சம் பேருக்கும் குறைந்த தீவு ஊசி முதல் உந்துவண்டி வரை தானே செய்துகொள்ள முடியாது. வெளி வர்த்தகம் அதற்கு மூச்சு. கேள்வி வேறு: கதவின் திறவுகோல் யார் கையில்? எவ்வளவு திறப்பது, எப்பொழுது திறப்பது, எதற்குப் பதிலாகத் திறப்பது என்று பேசும் வலிமை உண்டா?

பார்படோஸ் இதற்கு ஓர் உதாரணம். 1991இல் அந்தத் தீவும் நெருக்கடியில் மாட்டி நாணய நிதியத்திடம் போயிற்று. நாணயத்தின் பெறுமதியை இறக்கவேண்டும் என்பதே நிபுணர் பலரின் யோசனை. அரசாங்க ஊழியரின் சம்பளம் 8 வீதம் வெட்டப்பட்டது. மக்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் இறங்கினார்கள். ஆனால் தொழிற்சங்கங்களும் முதலாளிமாரும் அரசாங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து, 1993இல் விலைகளையும் சம்பளங்களையும் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டார்கள். சுமையை எல்லோரும் பகிர்ந்துகொண்டனர். இரண்டு பார்படோஸ் டொலருக்கு ஓர் அமெரிக்க டொலர் என 1975இல் நிர்ணயித்த மாற்றுவீதம் இன்றுவரை அசையவில்லை. பக்கத்து ஜமெய்க்காவின் நாணயம் பட்ட பாட்டை நினைத்தால் இதன் அருமை புரியும்.

பார்படோசைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2018இல் அதுவும் கடன் செலுத்த முடியாது என்று அறிவிக்க நேர்ந்தது. ஜமெய்க்காவோ 2013இன் பின், உற்பத்தியின் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிருந்த தன் கடனைப் பெருமளவு குறைத்துக் காட்டியது. பொருளியலாளர் அதைப் புகழ்கின்றார்கள். சம்பள உயர்வின்றி அந்த ஆண்டுகளைக் கழித்த ஆசிரியையிடமும் தாதியிடமும் கேட்டால் அந்தப் புகழுரையின் மறுபக்கம் தெரியவரும்.

தனித்தனியே நின்றதும் இந்தத் தீவுகளின் பெருங்குறை. 1958இல் பத்துத் தீவுப் பகுதிகள் சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டாட்சி ஒன்றை அமைத்தன. 1961 செப்டெம்பரில் ஜமெய்க்கா மக்கள் வாக்களித்து வெளியேறினர். பத்திலிருந்து ஒன்று போனால் மிச்சம் பூச்சியம் என்று சொல்லி வில்லியம்ஸ் திரினிடாட்டையும் வெளியே அழைத்துச் சென்றார். 1962 மே மாதத்துடன் கூட்டாட்சி முடிந்தது. 1973இல் கரிபியன் சமூகம் என்னும் தளர்ந்த அமைப்பு எழுந்தது. ஒரே சந்தை ஒரே பொருளாதாரம் என்ற அதன் இலட்சியம் இன்னும் முழுமை பெறவில்லை. வாழைக்காரன் ஜெனீவாவில் வாயடைத்து நின்றபோது, ஒன்றுபட்ட ஒரு கரிபியன் அரசின் சட்டத்தரணிகள் அந்த அறையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வழக்கில் வென்றிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் யாரும் அவர்களை எழுந்து வெளியே போகச் சொல்லியிருக்க முடியாது.

அண்மை ஆண்டுகளில் சிறியதொரு மாற்றம் தென்படுகின்றது. 2017 செப்டெம்பரில் ஒரே இரவிலே டொமினிக்காவில் வீசிய மரியா சூறாவளி, அந்நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சேதத்தை விளைவித்தது. கூரை பறந்தவனிடம் வட்டிக்காரன் தவணை கேட்கலாமா? கிறெனடா 2015இல் தன் கடனைத் திருத்தி அமைத்தபோது, சூறாவளி வந்தால் தவணையை ஒத்திவைக்கலாம் என்று கடன்பத்திரத்திலேயே ஒரு வாசகத்தை எழுதுவித்தது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கியபோது அந்த வாசகம் பயன்பட்டது, தவணை ஒத்திவைக்கப்பட்டது. பார்படோசின் பிரதமர் மியா மொட்லி 2022 முதல், உலகக் கடன் ஒழுங்கையே இவ்வகையில் மாற்றவேண்டுமென்று மேடைதோறும் வாதாடி வருகின்றார்.

உணவு விடயத்திலோ வண்டி மெதுவாகவே நகர்கின்றது. இறக்குமதி உணவுச் செலவை 2025ஆம் ஆண்டுக்குள் 25 வீதத்தால் குறைப்போம் என்று கரிபியன் சமூகத்தின் தலைவர்கள் உறுதிபூண்டிருந்தார்கள். அந்தத் தவணை இப்பொழுது 2030க்குத் தள்ளப்பட்டிருக்கின்றது. ஜமெய்க்காவில் லெக்கியின் பசுவினத்தை மீண்டும் பெருக்க முயல்கின்றார்கள்; கிங்ஸ்ரன் துறைமுகத்தில் பால்மா மூட்டைகளும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன.